மதியம் ஒன்றுக்குள் ஏழு இன்னிங்ஸ் முடிக்க

முப்பத்தொரு வருடம் ஸ்டாப்வாட்ச் பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தையல் தொழிற்சாலை. சட்டைக் காலர் ஒன்றைத் தைக்க எத்தனை நொடி, காஜா எடுக்க எத்தனை நொடி என்று மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முதுகுக்குப் பின்னால் நின்று எழுதுவதுதான் வேலை. அங்கே யாருக்கும் என்னைப் பிடிக்காது. என் பெரியம்மாவும் அதே வரிசையில் மெஷின் ஓட்டினார். அவருக்கும் பிடிக்காது.

மலிவான இறக்குமதித் துணி வந்து குவிந்ததும் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வாட்ச் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பல வருடம் மேசை இழுப்பறையில் கிடந்தது. பேரன் பேஸ்பால் ஆடுகிறான் என்று, டர்பனில் எங்கள் பகுதியான சாட்ஸ்வர்த்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். அம்பயர் வரவில்லை. விதி தெரியுமா என்று கேட்டார்கள். ஓரளவு தெரியும் என்றேன். முகமூடியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்று மாட்டியதுதான், இன்னும் கழற்றவில்லை.

எங்கள் தொல்லை இது. மைதானம் காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரைதான் எங்களுடையது. ஒன்று அடித்தால் கால்பந்துக்காரர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் ஒரு தடவை பேட் பிடிக்கும், மூன்று அவுட் ஆனதும் இடம் மாறும். ஐந்தாவது நடக்கும்போதே சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் அவர்கள் கோல் கம்பம் நட ஆரம்பித்திருப்பார்கள். ஆட்டம் பாதியில் நிற்கும், தோற்றவன் தோல்வியை ஒப்புக்கொள்ள மாட்டான். முடிவில்லாத ஆட்டம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை என்பது உண்மைதான். 1939 மார்ச்சில் இதே டர்பனில், கிங்ஸ்மீடில், நாள் கணக்கே வைக்காமல் ஒரு கிரிக்கெட் டெஸ்ட் ஆடினார்கள். பத்து நாள் இழுத்தது. 696 ரன் எடுக்க வேண்டிய இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது, கப்பல் கிளம்பிவிடும் என்று மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. டிரா. எங்களுக்குக் கப்பல் இல்லை, கால்பந்து இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் பேஸ்பால், சாஃப்ட்பால் ஆடும் பள்ளிகள் உண்டு என்பதால் நாங்கள் செய்ததைத் தமிழில் எழுதி வைக்கிறேன். கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களும் படித்துப் பார்க்கலாம். இந்த வியாதி அங்கேயும் இருக்கிறது. 2023 உலகக் கோப்பையில் ஏஞ்சலோ மேத்யூஸ் இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகவில்லை என்று டைம்டு அவுட் கொடுத்தது நினைவிருக்குமே.

முதலில் அளந்து பாருங்கள்

எடுத்த எடுப்பில் விதி போடாதீர்கள். இரண்டு ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து நேரத்தை எழுதுங்கள். வாட்ச் ஒன்று, நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நான் நான்கு கட்டம் போட்டேன்: இன்னிங்ஸ் பாதிக்குப் பாதி அணிகள் மாறும் நேரம், பந்து எறியும் பிட்சர் கையில் பந்து சும்மா இருக்கும் நேரம், பந்தைத் தேடும் நேரம், பேசும் நேரம். பந்து பறக்கும் நேரத்துக்குக் கட்டமே போடவில்லை. அதைக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது.

தொழிற்சாலையில் நான் கற்றது இந்த ஒன்றுதான். கை வேகமாகத்தான் தைக்கும். துணிக்கட்டு வந்து சேராமல் மெஷின் சும்மா நிற்கும்போதுதான் நாள் வீணாகிறது. முதலாளி என்னவோ கையைத்தான் முறைப்பார். பேஸ்பாலிலும் பிட்சரைப் பார்த்து 'சீக்கிரம் எறி, சீக்கிரம் எறி' என்று கத்துகிறார்கள். பதற்றத்தில் அவன் கண்ட இடத்தில் எறிவான், ஆட்டம் இன்னும் நீளும்.

என் நோட்டில் முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது: அணி மாறுவதற்குச் சாதாரணமாக நான்கு நிமிடம். ஏழு இன்னிங்ஸில் பதின்மூன்று தடவை மாற வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஐம்பத்திரண்டு நிமிடம். மூன்று மணி நேர ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பையன்கள் நடந்துகொண்டும் கையுறை தேடிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

அணி மாறும் நேரம்

கோயிலில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாளைப் பார்த்திருப்பீர்கள். வரிசை நகர்ந்து வந்த பிறகு டம்ளரைத் தேடும் கோயிலும் உண்டு. பத்து டம்ளரில் ஊற்றித் தயாராக வைத்துக்கொண்டு ஆளை எதிர்பார்க்கும் கோயிலும் உண்டு. இரண்டிலும் அதே கஞ்சிதான், அதே ஆட்கள்தான். இரண்டாவது கோயில் மாதிரி ஆக வேண்டும், அவ்வளவே.

எல்லாவற்றுக்கும் காரணம், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்தான். பாவம், அவன்மேல் குற்றமில்லை. முகமூடி, மார்புக் கவசம், இரண்டு காலிலும் முழங்கால் தட்டை. இரண்டு அவுட் ஆனபோது அவன் பேஸில் (அடித்தவன் ஓடிப் போய் நிற்கும் இடம்) நின்றால், மூன்றாவது அவுட் விழுந்த பிறகு ஓடி வந்து ஒவ்வொரு வாராக மாட்ட வேண்டும். மற்ற எட்டுப் பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். இதற்கு மூன்று காரியம் செய்யுங்கள்.

இரண்டு அவுட்டுக்குப் பிறகு கேட்சர் பேஸில் இருந்தால் அவனுக்குப் பதிலாக இன்னொருவன் ஓடலாம் என்று இரண்டு அணியும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். பதில் ஓட்டக்காரன் என்று நாங்கள் சொல்கிறோம். கடைசியாக அவுட் ஆனவனே ஓடுவான், அதனால் யாரை அனுப்புவது என்ற வாக்குவாதமும் இல்லை. பெரிய தொழில்முறை ஆட்டத்தில் இதற்கு இடமில்லை. பள்ளி, கிளப் ஆட்டங்களில் பல இடங்களில் நடப்பதுதான்.

அடுத்து, கேட்சர் அந்த இன்னிங்ஸில் நான்காவதாகவோ அதற்குப் பின்னோ பேட் பிடிக்க வருபவன் என்றால் கால் தட்டையைக் கழற்றவே வேண்டாம். அவன் முறை வராமலே இன்னிங்ஸ் முடிந்துவிடலாம்.

மூன்றாவது, கேட்சர் தயாராகும் வரை பெஞ்சில் இருக்கும் ஒருவன் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு போய் பிட்சரின் பழகு பந்துகளைப் பிடிக்க வேண்டும். முகமூடி இல்லாமல் உட்கார விடாதீர்கள். பழகு பந்து ஐந்து போதும். முதல் இன்னிங்ஸுக்கும் புதிதாக வரும் பிட்சருக்கும் மட்டும் கூடுதலாகக் கொடுங்கள். குளிர்ந்த தோளோடு முழு வேகத்தில் எறியச் சொல்வது பாவம்.

பேஸிலேயே மாட்டிக்கொண்ட ஓட்டக்காரனின் கையுறையும் தொப்பியும் அவனைத் தேடிப் போக வேண்டும். இதற்கென்று ஒரு ஆளை நியமியுங்கள். எங்கள் அணியில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி செய்கிறாள். இரண்டாவது அவுட் விழுந்த உடனே கையுறைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு கோட்டருகில் வந்து நிற்பாள். அவள் வந்த பிறகு எங்கள் மாற்ற நேரம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. நான் போட்ட எந்த விதியையும்விட அவள் சேர்த்த நேரம் அதிகம்.

பேட்டர் பக்கமும் இதே கதைதான். ஆடுபவன் ஒருவன், ஹெல்மெட்டோடு காத்திருப்பவன் ஒருவன், ஹெல்மெட்டைத் தேடி எடுத்துக்கொள்பவன் ஒருவன். மூவரும் எப்போதும் தயார். பேட்டிங் வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெஞ்சுக்கு மேலே வலையில் கட்டிவிடுங்கள். 'அடுத்தது யார் அண்ணா?' என்ற கேள்வி என் நோட்டில் ஒரே ஆட்டத்தில் பத்தொன்பது தடவை இருந்தது.

பிட்சர், பேட்டர், கடிகாரம்

அமெரிக்காவின் பெரிய தொழில்முறைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் 2021-ல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 3 மணி 10 நிமிடம் ஆனது. 1919-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் ஃபிலடெல்ஃபியாவும் ஒன்பது இன்னிங்ஸையும் 51 நிமிடத்தில் முடித்திருக்கிறார்கள் என்றால் இடையில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். பேட்டர் ஒவ்வொரு பந்துக்கும் வெளியே வந்து கையுறைப் பட்டையை இழுத்துவிடுவான். பிட்சர் தான் நின்று எறியும் மேட்டைச் சுற்றி நடந்து மண்ணைப் பார்ப்பான். 2023-ல் கடிகாரம் வைத்தார்கள். பிட்சர் எறிய, பேஸில் ஆள் இல்லையென்றால் 15 நொடி, இருந்தால் 20 நொடி. இரண்டாவதை அடுத்த ஆண்டு 18 ஆக்கினார்கள். கடிகாரத்தில் 8 நொடி மிச்சம் இருக்கும்போதே பேட்டர் தயாராகப் பிட்சரைப் பார்த்து நிற்க வேண்டும். பிட்சர் தாமதித்தால் ஒரு பால் (நான்கு ஆனால் பேட்டருக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும்), பேட்டர் தாமதித்தால் ஒரு ஸ்ட்ரைக் (மூன்று ஆனால் அவுட்). அந்த ஒரே ஆண்டில் சராசரி 2 மணி 40 நிமிடத்தை ஒட்டி இறங்கிவிட்டது. அடியும் குறையவில்லை, ஓட்டமும் குறையவில்லை. பேஸ் திருடுவது, அதாவது யாரும் அடிக்காமலே ஓட்டக்காரன் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது, கூடியது. பிட்சர் ஒரு பேட்டருக்கு இரண்டு தடவைதான் மேட்டிலுள்ள பலகையிலிருந்து காலை எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தியதும், பேஸைச் சற்றுப் பெரிதாக்கியதும் அதற்குக் காரணம்.

இதைப் படித்துவிட்டு எங்கள் செயலாளர் தம்பி உடனே மின்கடிகாரம் வாங்கலாம் என்றான். பணம் இல்லை என்பது ஒரு பக்கம். அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவிலேயே ஒரு பயிற்சி ஆட்டத்தில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். 6-6, மூன்று பேஸிலும் ஆள், கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக், மூன்று பால். அட்லாண்டா அணியின் பேட்டர் கால் கான்லி எட்டு நொடி மிச்சம் இருக்கும்போது தயாராகவில்லை என்று மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டார்கள். பந்தே வீசாமல் ஆட்டம் டிராவில் முடிந்தது. சம்பளம் வாங்குபவன் பொறுத்துக்கொள்வான். சாட்ஸ்வர்த்தில் அப்படிக் கொடுத்தால் அம்பயர் வீட்டுக்குப் போகும் வழியில் எல்லா மாமாக்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கடிகாரம் இல்லாமலே விதிப் புத்தகத்தில் ஏற்கெனவே இரண்டு ஆயுதம் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. ஒன்று, பேஸ் காலியாக இருந்தால் பந்து கைக்கு வந்து பேட்டர் தயாராக நின்றதிலிருந்து 12 நொடிக்குள் பிட்சர் எறிய வேண்டும். இரண்டு, பேட்டர் தன் முறை முடியும் வரை ஒரு காலையாவது, தான் நிற்கக் கோடு போட்ட பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். பேட்டைச் சுழற்றியிருந்தாலோ, பந்து உடம்புக்கு வந்து விலக நேர்ந்தாலோ, இப்படிச் சில நேரம் மட்டும் வெளியே வரலாம். நான் அமல்படுத்தியது இப்படி: முதல் இரண்டு ஞாயிறு எச்சரிக்கை மட்டும். மூன்றாவது ஞாயிறிலிருந்து ஒரு ஆளுக்கு ஒரு எச்சரிக்கை, பிறகு தண்டனை. இரண்டு ஸ்ட்ரைக், அல்லது மூன்று பால் ஆன பிறகு தண்டனை கிடையாது, எச்சரிக்கைதான். கடைசி விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் சொந்தச் சரக்கு. நான் அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறேன்.

கேட்சர் பந்தைப் பிட்சரின் மார்புக்கு நேராகத் திருப்பி எறிந்தால் பாதித் தாமதம் போய்விடும். மேலே தூக்கிப் போட்டால் பிட்சர் குனிந்து பொறுக்கப் போவான். மூன்றாம் பேஸ் அருகில் நிற்கும் பயிற்சியாளர் மூக்கு, காது, பெல்ட், தொப்பி என்று தொட்டுத் தொட்டுச் சைகை காட்டுவதை, பந்து பிட்சருக்குத் திரும்பிப் போகும்போதே காட்டி முடிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஒரு பயிற்சியாளருக்குப் பதினான்கு சைகை இருந்தது. பையன்களிடம் தனியாகக் கேட்டேன். அவர்களுக்குத் தெரிந்தது இரண்டு.

நேரத்தைத் தின்னும் வாக்

இத்தனை சொன்னாலும், கற்றுக்குட்டி ஆட்டத்தில் உண்மையான திருடன் வேறு. ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போன எறி நான்கு ஆகிவிட்டால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போகிறான். அதுதான் வாக். ஒரு இன்னிங்ஸில் ஐந்து வாக் விழுந்தால் இருபது பந்துக்கு மேல் வீசியாகிவிட்டது, ஒரு அவுட்கூட இல்லை, பின்னால் நிற்கும் ஏழு பேர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தையலில் இதைப் பிரித்துத் தைப்பது என்போம். தைத்ததைவிடப் பிரிப்பதற்கு அதிக நேரம் போகும்.

இதற்குக் கால் பங்கு மருந்து அம்பயர் கையில் இருக்கிறது. முழங்கால் உயரத்தில் வரும் பந்தை ஸ்ட்ரைக் என்று சொல்லத் தயங்காதீர்கள். ஓரத்தை உரசினாலும் ஸ்ட்ரைக். இரண்டு அணிக்கும் ஒரே அளவு என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தாராளமான அம்பயர் என்று தெரிந்துவிட்டால் பேட்டர்கள் காத்து நிற்காமல் அடிக்க ஆரம்பிப்பார்கள், அடித்தால்தான் ஆட்டம்.

மிச்ச முக்கால் பங்கு வாரநாள் பயிற்சியில். இரண்டு கம்பு நட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு, மார்பு உயரத்தில் ஒரு கயிறு, நெடுக்காக இரண்டு கயிறு. பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் தட்டான ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். நெடுக்குக் கயிறுகளுக்கு இடையில் அந்த அளவு விடுங்கள். துணி உலர்த்தும் நைலான் கயிறு போதும். பிட்சர் ஒருவனுக்கு முப்பது பந்து. வேகம் எண்ணாதீர்கள், கயிற்றுச் சட்டத்துக்குள் போனதை மட்டும் எண்ணுங்கள். வளைவு பந்து கற்றுக்கொடுங்கள் மாமா என்று கெஞ்சுவார்கள். முப்பதில் இருபது உள்ளே போகும் வரை கிடையாது என்று சொல்லிவிடுங்கள். என் பேரன் நான்கு மாதம் முறைத்துக்கொண்டே எறிந்தான். ஆப்பிரிக்காவில் பிறந்து மேஜர் லீகில் ஆடிய முதல் ஆள் கிஃப்ட் என்கோப்பே எங்கள் நாட்டுக்காரர். 2017-ல் முதல் முறை பேட் பிடித்தபோதே நன்றாக அடித்துப் பேஸுக்குப் போனார். அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கும் பையனிடம் கயிற்றுக்குள் எறி என்று சொல்வது எளிதில்லை.

பந்தும் பேச்சும்

கோட்டுக்கு வெளியே அடிபட்ட ஃபவுல் பந்து வேலி தாண்டிப் புதருக்குள் போனால் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். அம்பயர் பையில் மூன்று பந்து, வலைக்குப் பின்னால் வாளியில் நான்கு. தேடிக் கொண்டுவரும் சிறுவனுக்குப் பந்து ஒன்றுக்கு ஒரு சமோசா. ஒரு தடவை குரங்கு ஒன்று பந்தைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அதற்குப் பேரம் பேச வேண்டாம், பந்து போனால் போகட்டும்.

மேட்டுக்குப் போய்ப் பேசுவதற்கு விதி ஏற்கெனவே உண்டு: ஒரே இன்னிங்ஸில் அதே பிட்சரிடம் பயிற்சியாளர் இரண்டாவது தடவை போனால் அந்தப் பிட்சரை மாற்றியாக வேண்டும். அதை மட்டும் நடைமுறைப்படுத்துங்கள். வேண்டுமென்றே வாக் கொடுக்க நான்கு பந்து வீச வேண்டாம், கையைக் காட்டினால் போதும். மேஜர் லீகே 2017-ல் அதற்கு மாறிவிட்டது. ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு 15 ரன் வித்தியாசம் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சர்வதேசப் போட்டிகளிலும் அதே கணக்குதான். ஏழு இன்னிங்ஸுக்குப் பிறகு 10 என்ற இன்னொரு வரம்பும் அங்கே உண்டு, ஏழோடு முடியும் எங்களுக்கு அது தேவையில்லை. 12.40-க்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் கிடையாது என்று நாங்கள் எழுதினோம். முன்னணியில் இருக்கும் அணி 12.30-க்கு ஷூ லேஸ் கட்ட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் லேஸ் அவிழ்ந்தால் அம்பயர் எச்சரிக்கை இல்லாமல் ஒரு பால் கொடுப்பார் என்று அடுத்த வரியில் எழுதினோம்.

எதை அவசரப்படுத்தக் கூடாது

காயம். இடி, சத்தம் கேட்டால் எல்லோரும் உள்ளே, கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்துதான் வெளியே. பந்து பட்டுச் சுருண்ட கேட்சர் மூச்சு வாங்கும் நேரம். ஜனவரி மாத டர்பன் வெயிலில் தண்ணீர் குடிக்கும் நேரம்.

இதைச் சொல்லும்போது பெரியம்மாதான் நினைவுக்கு வருகிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு காலருக்கு நாற்பத்தெட்டு நொடி என்று கணக்கு எழுதி அவர் வரிசைக்கு ஒட்டினேன். மாலையில் அவர் என்னைக் கூப்பிட்டு மெஷினில் உட்கார வைத்தார். ஊசியிலிருந்த நூலை அறுத்துவிட்டார். 'என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோத்துப் பார். கோத்த பிறகு கணக்கை எழுது' என்றார். ஒன்றரை நிமிடம் ஆனது எனக்கு. நூல் அறுந்தால் கோக்கிற நேரம் என் கணக்கில் இல்லை. மறுநாள் தாளைக் கிழித்துவிட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினேன், சூப்பர்வைசர் திட்டினார். அதனால்தான் என் பேஸ்பால் கணக்கில் கேட்சருக்கு எப்போதும் முப்பது நொடி கூடுதல்.

இப்போது எங்கள் ஏழு இன்னிங்ஸ் சாதாரணமாக 2 மணி 15 நிமிடத்தில் முடிகிறது. கால்பந்துக்காரர்களோடு சண்டை இல்லை.

ஒன்றே ஒன்றுதான் வெகுநாள் மசியவில்லை: பத்து மணி ஆட்டத்துக்குப் பத்து மணிக்கு ஒன்பது பேர் வந்து சேருவது. மாற்றத்தில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் தொடக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அபராதம் போட்டோம்; கட்டிவிட்டுத் தாமதமாக வந்தார்கள். கால் மணி நேரத்தில் வராத அணி தோற்றதாக அறிவித்தோம். இரண்டு அணியுமே வரவில்லை. கடைசியில் வீட்டில் ஒரு யோசனை சொன்னார்கள். ஒன்பதே காலுக்கு மைதானத்தில் சுடச்சுட வடை. முப்பது மட்டும், அதற்குமேல் கிடையாது. முதல் ஞாயிறு ஒன்பதரைக்கு வந்தவர்கள் தின்றார்கள், பத்துக்கு வந்தவர்கள் காலித் தட்டைப் பார்த்தார்கள். மூன்றாவது ஞாயிறு ஒன்பது இருபதுக்கே வடை தீர்ந்துவிட்டது. கால்பந்துக் குழுவிலிருந்து இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.